இடைக்கால வீடும் அக்கம்பக்கத்து உதவியும்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

வீடற்றோருக்கான இடைக்கால வீடு ஒன்று திறக்கப் போகிறது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் முதலில் கொண்டுவந்து கொட்டுவது பழைய துணி. அடுத்தது பொம்மை. அதற்கடுத்தது, யாரோ வீடு மாறும்போது கழித்துவிட்ட மெத்தை. எல்லாமே நல்ல மனதோடு வருபவைதான். ஆனால் அவற்றைப் பிரித்து, மடித்து, அடுக்கி, கடைசியில் பாதியைக் குப்பைக்கு அனுப்பும் வேலை, குடும்பங்களுக்கு வீடு தேடித்தர வேண்டிய பணியாளரின் தலையில் விழுகிறது. உள்ளே வருகிறவர்களை வரவேற்கப் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்கள் வெளியேறும் நாளில் கைகொடுக்க ஆள் இருக்காது. பணமும் ஆள்பலமும் மிகவும் தேவைப்படுவது அந்த நாளில்தான்.

இடைக்கால வீடு, இரவு படுத்துவிட்டுக் காலையில் கிளம்பும் அவசரத் தங்குமிடம் போன்றதல்ல. பூட்டிக்கொள்ளக் கதவுள்ள ஓர் அறை அல்லது சிறு வீடு, சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுவரை தங்க அனுமதி, கூடவே ஆவணம், வேலை, மருத்துவம், நிரந்தர வீடு ஆகியவற்றுக்கு வழிகாட்ட ஒரு சமூகப் பணியாளர். அமெரிக்கக் கூட்டரசு விதிகளில் இதற்கு உச்சவரம்பு 24 மாதம்.

ஒரு கசப்பான உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டம், தெருவிலிருந்து நேராக நிரந்தர வீட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோனது. குடியை நிறுத்து, சிகிச்சைக்குப் போ என்று எந்த நிபந்தனையும் இல்லை. 'முதலில் வீடு' என்ற அந்த வழியை 2008 முதல் பின்லாந்து தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு, தங்குமிடங்களைப் படிப்படியாக வாடகைக் குடியிருப்புகளாக மாற்றியது. அமெரிக்காவில் 12 இடங்களில் 2,282 குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. நீண்டகால வாடகை உதவி கிடைத்த குடும்பங்கள் மீண்டும் வீடிழப்பது வெகுவாகக் குறைந்தது என்று அது கண்டது. இடைக்கால வீட்டுக்குப் போன குடும்பங்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை.

அதற்காக இடைக்கால வீடே வேண்டாம் என்று ஆகிவிடாது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள், காப்பகத்திலிருந்து 18 வயதில் வெளியே வரும் இளைஞர்கள், போதைச் சிகிச்சை முடித்தவர்கள், கட்டுப்படியாகும் வாடகை வீடு உடனே கிடைக்காத இடத்தில் இருக்கும் குடும்பங்கள் ஆகியோருக்கு அது தேவை. ஆனால், 'இவர்கள் வீட்டுக்குத் தகுதியானவர்களா' என்று சோதிக்கும் இடமாக அது மாறிவிடக் கூடாது. ஒரு குடும்பம் உள்ளே வந்த முதல் வாரத்திலேயே அடுத்த வீட்டுக்கு என்ன தடை, அதை நீக்க யார், எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். உதவ வருகிறவர்களுக்கான வேலையும் அந்தத் தாளிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

பொருள் வாங்கும்போது

பொது வேண்டுகோள் விடாதீர்கள். 'எதுவானாலும் தாருங்கள்' என்றால் எதுவானாலும் வரும். மாதம் ஒருமுறை, பத்துப் பொருளுக்கு மேல் போகாத பட்டியல், அளவோடு: 'குழந்தை டயப்பர், அளவு 4-உம் 5-உம், பெரியவர்களுக்கான புதிய உள்ளாடை, நடுத்தரமும் பெரியதும், சானிட்டரி நாப்கின், புதிய காலுறை, சாவியோடு பூட்டு.' பிறந்த குழந்தைக்கான டயப்பர் எப்போதும் மிஞ்சும், பெரிய அளவுக்குத்தான் தட்டுப்பாடு. ஏனென்றால் டயப்பர் வாங்கப் போகிறவர் மனதில் இருப்பது கைக்குழந்தை. தங்கியிருப்பதோ பெரும்பாலும் ஓடி விளையாடும் பிள்ளைகள். பதின்ம வயதினரை யாருமே நினைப்பதில்லை. டியோடரன்ட், ஹெட்போன், பள்ளிப்பை என்று அவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் வாங்கக் கூடாதவை சில உண்டு. பயன்படுத்திய மெத்தை, தலையணை, துணி போர்த்திய சோபா. வரலாறு தெரியாத கார் குழந்தை இருக்கை: விபத்தில் அடிபட்டதா, காலாவதியானதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பக்கச்சட்டம் மேலும் கீழும் இறங்கும் பழைய தொட்டில்: குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011 முதல் விற்பனைக்கே தடை. பழைய மின் ஹீட்டரும் ஒட்டுப்போட்ட எக்ஸ்டென்ஷன் வயரும் அந்தப் பட்டியலில்தான் சேரும். வேண்டாம் என்று வாசலில் நின்று சொல்வது சங்கடம். அதனால் அதை முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுங்கள். அருகில் பழைய பொருள் எடுத்துக்கொள்ளும் வேறு இடம் இருந்தால் அதன் விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்தமுறை வரமாட்டார்.

மெத்தையில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மூட்டைப்பூச்சி. ஒரு கட்டடத்தில் அது வேரூன்றிவிட்டால் ஒழிக்க ஆகும் செலவில் நாலைந்து குடும்பங்களுக்கு அட்வான்ஸ் கட்டிவிடலாம். முட்டை பொரிய ஆறு முதல் பத்து நாள் ஆகும். வளர்ந்த பூச்சி ரத்தமே குடிக்காமல் பல மாதம் உயிரோடு கிடக்கும். அறையைச் சில வாரம் காலியாகப் போட்டுவைத்தால் போய்விடும் என்று நினைப்பது வீண்.

புதிதாக வருகிறவர்களின் துணிமணிகளுக்கு ஒரே முறைதான், யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. வாசலிலேயே பெரிய பிளாஸ்டிக் பை கொடுத்து, துணியை உதறாமல் போட்டு, வாய் கட்டி, நேராக டிரையருக்குக் கொண்டுபோக வேண்டும். துவைப்பதற்கு முன்பே, அதிக சூட்டில், குறைந்தது 30 நிமிடம். பலர் முதலில் துவைக்கிறார்கள். பூச்சியைக் கொல்வது சூடுதான்; வெறும் தண்ணீருக்கு அது சாகாது. ஈரத்துணி சூடேற நேரமெடுக்கும் என்பதால் காய்ந்த துணியாகப் போடுவது இன்னும் மேல். காலிப் பையை மீண்டும் பயன்படுத்தாமல் கட்டி எறிந்துவிட வேண்டும். சூட்டில் வைக்க முடியாத புத்தகம், காலணி, பொம்மை போன்றவற்றை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்கலாம். மெத்தைகளுக்கு முழுவதும் மூடும் ஜிப் உறை போட்டு, ஓராண்டுக்காவது கழற்றக் கூடாது. கட்டில் இரும்பாக, வெளிர் நிறத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். புகைபோல் அடிக்கும் பூச்சிமருந்து டப்பாவைத் தொடவே தொடாதீர்கள். அந்த மருந்து இடுக்குக்குள் போகாது. பூச்சிகள் பக்கத்து அறைக்குச் சிதறும்.

இதைச் செய்யும் விதமும் முக்கியம். 'உங்களிடம் பூச்சி இருக்கிறதா' என்று கேட்டால் யாரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். தனக்கு அரிக்கிறது என்பதைப் பிறகும் மறைப்பார்கள். 'இங்கே எல்லாருடைய துணியும் முதலில் டிரையரில் போகும். இந்த மாற்றுடை உங்களுக்கு, ஒரு மணி நேரத்தில் உங்களுடையது திரும்பி வந்துவிடும்' என்று சொன்னால் போதும். மாற்றுடைக்கு எல்லா அளவிலும் இரண்டு ஜோடி தயாராக வைத்திருங்கள்.

கட்டடத்தில் கண்ணில் படாதவை

பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் தரநிலை, சமையலறையும் குளியலறையும் நீங்கலாக, ஆளுக்கு 3.5 சதுர மீட்டரைக் குறைந்தபட்சம் என்கிறது. அது உயிர்பிழைக்கும் அளவு. மாதக்கணக்கில் தங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் போதாது. புதிதாக இடம் பார்க்கிறவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அறைக்கு ஆறு பேர் என்று கணக்குப் போட்டால், மூன்றாம் வாரமே சண்டை தொடங்கிவிடும்.

பூட்டுள்ள பெரிய அலமாரி ஆளுக்கொன்று கட்டாயம். உடைமையை விட்டுவிட்டுப் போக இடமில்லாதவர் வேலைக்கான நேர்காணலுக்கு மூட்டையோடு போக முடியாது, போகாமலே இருந்துவிடுவார். ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், ஏனென்றால் வீட்டுக்காரரும் முதலாளியும் கூப்பிடுவது செல்போனில்தான். இன்சுலினுக்குப் பூட்டுப்போட்ட சிறு பெட்டி, ஃப்ரிட்ஜுக்குள், 2 முதல் 8 டிகிரியில். பயன்பாட்டில் உள்ள குப்பி பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்திலேயே 28 நாள்வரை தாங்கும். எனவே அதை வேளைக்கு வேளை அலுவலகத்தில் வந்து கேட்டு வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. சிறு பிள்ளைகள் இருக்கும் மாடிகளில் ஜன்னல் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு, குழாய் வெந்நீர் 49 டிகிரிக்கு மேல் போகாதபடி அமைப்பு, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் கதவு. ஸ்மோக் அலாரத்தை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க ஒரு தன்னார்வலர் போதும், ஆனால் அவர் பெயர் சுவரில் இருக்க வேண்டும். 'யாராவது பார்ப்பார்கள்' என்றால் யாரும் பார்ப்பதில்லை.

விதிகளைப் பொறுத்தவரை, குறைவாக இருந்தால்தான் நடக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கதவடைப்பு என்றால் இரவுப்பணிக்குப் போகிறவர் வேலையை விட வேண்டும். பதின்ம வயதுப் பையனை அனுமதிக்காத இடத்துக்கு அந்த அம்மா வரவேமாட்டார், காரிலேயே தூங்குவார். விதி மீறலுக்காக ஒருவரை வெளியே அனுப்பியே தீரவேண்டும் என்றாலும் வெள்ளிக்கிழமை மாலையில் அனுப்பாதீர்கள். திங்கள்வரை எந்த அலுவலகமும் திறந்திருக்காது. வியப்பாக இருக்கலாம், பல இடங்களில் அது வெள்ளி மாலையில்தான் நடக்கிறது. வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட முடிவை அப்போதுதான் எடுக்கிறார்கள்.

ஆவணம் என்ற சுழல்

அடையாள அட்டை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டு என்பார்கள். இரண்டுக்கும் முகவரி வேண்டும். முகவரி இல்லாததால்தான் அவர் இங்கே இருக்கிறார். அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லாமல் வாடகை வீடு இல்லை. நகரும் நாள்களைக் கூட்டிப் பார்த்தால் காத்திருப்பில் பெரும்பங்கு இங்கேதான் கரைகிறது. இதற்குத் தன்னார்வலர் ஒருவர் செய்யக்கூடியது சமையலை விடப் பெரிது: வாரத்தில் ஓர் அரைநாள், கூடவே போய் வரிசையில் உட்கார்வது, கட்டணத்தைக் கட்டுவது, விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்வது, பத்து நாள் கழித்து அந்த எண்ணை வைத்து விசாரிப்பது.

இடைக்கால வீடு தன் கடிதத்தாளில் 'இவர் இங்கே வசிக்கிறார்' என்று எழுதித்தர வேண்டும். தங்கியிருப்பவர் கிளம்பிய பிறகும் ஆறு மாதமாவது அவர் பெயருக்கு வரும் தபாலை வாங்கி வைக்க வேண்டும். அசல் ஆவணம் எப்போதும் உரியவரிடமே இருக்கட்டும். பத்திரமாக வைக்கிறோம் என்று அலுவலக அலமாரியில் பூட்டினால், பொறுப்பாளர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் அது தேவைப்படும். தண்ணீர் புகாத உறை ஒன்றும், அனுமதி கேட்டு எடுத்த ஸ்கேன் பிரதியும் போதும்.

வெளியேறும் நாளுக்கான பணம்

ஒரு குடும்பம் மாத வாடகை கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் இடைக்கால வீட்டிலேயே இருப்பதைப் பார்க்கலாம். காரணம் ஒரே நாளில் கட்டவேண்டிய மொத்தத் தொகை: அட்வான்ஸ், முதல் மாத வாடகை, மின் இணைப்பு, பொருள் ஏற்றும் வண்டி. மாத வாடகையைப்போல் பல மடங்காகும் இதைத்தான் அக்கம்பக்கத்து நிதி அடைக்க வேண்டும். துணி கொடுக்க வந்தவர்களிடம் இதைச் சொன்னால் பலர் புரிந்துகொள்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தின் அட்வான்ஸைத் தாங்கலாம்.

அந்த நிதிக்குச் சில ஒழுங்குகள் தேவை. விண்ணப்பித்த 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். மாதக் கூட்டம்வரை வீட்டுக்காரர் காத்திருக்கமாட்டார். பணம் நேராக உரிமையாளர் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது குடும்பத்தின் பெயரில் இருக்க வேண்டும். இரண்டு பேர் கையெழுத்து, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு. கடனாகக் கொடுக்கக் கூடாது. புது வீட்டின் முதல் மாதமே தவணையோடு தொடங்கினால் மூன்றாம் மாத வாடகை தவறும். இதைத் தவிர, கேள்வி அதிகம் கேட்காமல் சமூகப் பணியாளரே அன்றைக்கே கொடுக்கக்கூடிய சிறு தொகை ஒன்றும் கையில் இருக்கட்டும்: பஸ் கட்டணம், கட்டட வேலைக்கான கனத்த காலணி, தேர்வுக் கட்டணம், கண்ணாடி. வேலை கிடைத்தும் காலணி இல்லாமல் அதை இழப்பது உண்மையில் நடப்பதுதான்.

வீட்டுக்காரர்களைச் சேர்ப்பது தனி வேலை. அதை நன்றாகச் செய்கிறவர் அநேகமாகத் தானே வாடகைக்கு விடுகிறவராக இருப்பார். உரிமையாளரின் பயம் மூன்று: வாடகை வராது, சுவரைக் கெடுத்துவிடுவார்கள், பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது. இரக்கத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள். முன்பணத்தைத் தாண்டிச் சேதம் வந்தால் குறிப்பிட்ட அளவுவரை ஈடுகட்டும் நிதி ஒன்று, எழுத்தில். குடியேறும் நாளில் ஒவ்வொரு அறையும் தேதியோடு படம், இரு தரப்புக்கும் ஒரு பிரதி. பிறகு, கூப்பிட்டால் மனிதர் எடுக்கும் ஒரு போன் எண். சேத நிதியை விட அந்த எண்தான் உரிமையாளர்களைப் பிடித்துவைக்கிறது. இரண்டாவது வீட்டையும் கொடுக்க முன்வருவது, முதல் புகாருக்கு அன்றே ஆள் வந்து பார்த்த இடத்தில்தான்.

புது வீட்டுக்கான பொருள் கட்டு ஒன்றை முன்பே தயாராக வைக்கலாம். நால்வர் குடும்பத்துக்கு: ஆளுக்கு இரண்டு துண்டு, படுக்கைக்கு இரண்டு விரிப்பு, ஆறு தட்டு, ஆறு தம்ளர், மூடியோடு இரண்டு பாத்திரம், ஒரு வாணலி, கத்தி, வெட்டும் பலகை, டின் திறப்பான், வாளி, துடைப்பம், துடைக்கும் துணி, கழிவறைத் தாள், சோப்பு, இரண்டு பல்பு, ஒரு டார்ச். டின் திறப்பானை எல்லாரும் மறக்கிறார்கள். உணவு வங்கியில் கிடைப்பதில் பாதி டின். பல்பு இல்லாமல் இருட்டு வீட்டுக்குள் பிள்ளைகளோடு நுழைந்த குடும்பங்களும் உண்டு, முன்பிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். நிறம், வடிவம் என்று இரண்டு மூன்று வகை வைத்து அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

ஆட்கள்

விழாக் காலத்தில் தன்னார்வலர் வரிசையில் நிற்பார்கள், அது முடிந்த இரண்டாம் வாரம் சமையலறையில் ஆள் இருக்காது. பெரிய கூட்டம் வரும்போதே பெயர்களை வாங்கி, ஆண்டின் வறண்ட மாதங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரு குழுவுக்கு ஒரே கிழமை, ஒரே வேலை, ஆறு மாதத்துக்கு. மூன்று குழுக்கள் ஒரே நாளில் உணவு கொண்டுவந்து மறுநாள் யாருமே வராதது அட்டவணை இல்லாத இடத்தின் அடையாளம்.

முதல் நாளே கையெழுத்து வாங்க வேண்டியவை: தங்கியிருப்பவர்களுக்குக் கைமாற்றுக் கொடுப்பதில்லை, சொந்த எண்ணைக் கொடுப்பதில்லை, படம் எடுப்பதில்லை, பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருப்பதில்லை. பிள்ளைகளோடு பழகுகிறவர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு முடியும்வரை வேலை கிடையாது, எவ்வளவு தெரிந்தவரானாலும் சரி. வன்முறையிலிருந்து தப்பியவர்கள் இருக்கும் வீடு என்றால் பொருள்களை வேறு முகவரியில் இறக்குங்கள். 'இன்று இங்கே உதவினோம்' என்று இருப்பிடக் குறியோடு போடும் ஒரு படம் துரத்தி வருகிறவனுக்கு வழிகாட்டிவிடும்.

எதிர்க்கும் அக்கம்பக்கத்தாரும் சமூகம்தான். திறப்பதற்கு முன், வீடு காலியாக இருக்கும்போதே அழைத்து அறை அறையாகக் காட்டுங்கள். குடிவந்த பிறகு காட்டினால் அது வேடிக்கை பார்ப்பதாகிவிடும். குப்பை வெளியே வைக்கும் நேரம், இரவு பத்துக்குப் பின் சத்தம், பார்வையாளர் வண்டி நிறுத்தும் இடம், 24 மணி நேர எண் ஆகியவற்றை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக் கொடுங்கள். முதல் ஆறு மாதம் மாதம் ஒரு கூட்டம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. கூட்டத்தில் தங்கியிருப்பவர் எவரையும் எழுந்து நின்று கதை சொல்லவைக்காதீர்கள்.

போன பிறகு

கணக்கெடுப்பில் பரிமாறிய சாப்பாட்டு எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடுகிறார்கள். அங்கே இருக்கவேண்டியது, எத்தனை பேர் நிலையான வீட்டுக்குப் போனார்கள், ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அங்கேயே இருக்கிறார்களா என்பது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி கூப்பிட்டுக் கேட்பது: முதல் வாரம், இரண்டாம் வாரம், பிறகு முதல் மூன்று மாதமும் மாதம் ஒருமுறை, அப்புறம் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும்.

மூன்றாம் மாதத்தில்தான் வண்டி சாய்கிறது. அட்வான்ஸுக்குக் கிடைத்த உதவி முடிந்திருக்கும், முதல் மின்கட்டணம் எதிர்பாராத தொகையில் வந்திருக்கும், தெருவில் பழகியவர் ஒருவர் படுக்க இடம் கேட்டு வந்திருப்பார், ஆள் அரவமில்லாத அறை ஒருவரைத் தின்னத் தொடங்கியிருக்கும். கேட்கும்போது 'எல்லாம் நல்லா இருக்கா' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். 'கரண்ட் பில் வந்ததா, எவ்வளவு? இந்த மாத வாடகை எந்தத் தேதியில் கட்டினீர்கள்? ராத்திரி தூங்க முடிகிறதா?' என்று கேளுங்கள். வாடகை தவறியிருந்தால் அன்றே, குடும்பத்தை அருகில் வைத்துக்கொண்டே, உரிமையாளரைக் கூப்பிட்டு இவ்வளவு இந்த வாரம், மீதி இந்தத் தேதியில் என்று பேசி, அதைக் குறுஞ்செய்தியாக இருவருக்கும் அனுப்பிவிட வேண்டும். ஐந்து நாள் தாமதத்தில் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டு மாத பாக்கியோடு போனால் பேச்சு வக்கீலோடுதான்.